ரதியின் காலில் விழுந்தவர்கள்

1

போன மாதம் பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் என் முகத்தில் துப்பினான்.

ஜேர்மனியிலுமா என்று கேட்பீர்கள். ஜேர்மனியிலும்தான். இங்கே வந்து சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த நினைப்பெல்லாம் முதல் குளிர்காலத்தோடு போயிற்று. அன்றைக்கு வேலை முடிந்து நின்றிருந்தேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவளுக்கு மாலையில் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அந்த அலுப்பில் தலையைக் குனிந்து நின்றவளை அவன் சுற்றி வந்து பார்த்தான். தொண்டையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், கூட்டாளியிடம் என்னவோ சொல்லிச் சிரித்தான். பிறகு துப்பினான். நான் துடைப்பதற்குள் தள்ளியும் விட்டான். முழங்கால் சிமெந்தில் உரசித் தோல் போயிற்று.

நாயோடு நின்ற ஒரு வயதான அம்மா பொலிசைக் கூப்பிட்டார். அடுத்த பஸ் வருவதற்குள் பொலிஸ் வந்துவிட்டது. வந்தவள் சின்னப் பெண். என்னை நிற்க வைத்துக் கேட்காமல் தானும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழும்போது என் ஜேர்மன் மொழி இன்னும் நாசமாகும் என்பதால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தாள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரின் குரல். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. யோகேஸ்வரி என்றேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். வேலையிடத்தில் எல்லோருக்கும் நான் 'யோகா'. சம்மணம் போட்டால் எழுந்திருக்க முடியாத என்னிடம் முதுகுவலிக்கு ஆசனம் கேட்கிறவர்கள்கூட அங்கே உண்டு. என் முழுப் பெயரைச் சீருடை போட்ட ஒரு கை எழுதியது எனக்குப் புதிது.

எல்லாம் எழுதி முடித்தபின் அவள் ஏதோ சொன்னாள். தொலைபேசிக் குரல் அதைத் தமிழாக்கிற்று: "நீங்கள் உடன சொன்னது நல்லதாம். காயம் மாறினாப்பிறகு வந்திருந்தா ஒண்டும் செய்ய ஏலாமப் போயிருக்குமாம்."

அவ்வளவுதான். எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. முழங்கால் வலிக்கிறதாக்கும் என்று அந்தப் பெண் பதறி முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். முழங்காலாவது மண்ணாவது! நான் மேகலாவை நினைத்து அழுதேன். காயம் ஆறிய பிறகு பொலிசுக்குப் போனவள் அவள். ஏன் ஆறும்வரை காத்திருந்தாள் என்பதை அந்த ஜேர்மன் பெண்ணுக்கு எந்த மொழியில் சொன்னாலும் விளங்கியிருக்காது. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் விளங்கும். விளங்கவாவது செய்யட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

மேகலா என் கூடப் பிறந்தவள் இல்லை. இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளிப் பிறந்தவள். என்னைவிட வயதில் சின்னவள். பிறப்புச் சான்றிதழில் மகேந்திரன். எனக்கும் அப்படி ஒரு பழைய பெயர் உண்டு, அது உங்களுக்குத் தேவையில்லை. தோட்டத்தில் எங்களைப் போல நாங்கள் இரண்டே பேர்தான் என்று நினைத்திருந்தோம். மற்றவர்கள் ஒளிந்திருந்தார்களோ என்னவோ. என்னை முதன்முதலில் அக்கா என்று கூப்பிட்ட மனுஷி அவள். என் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் அவளுக்கு எதையும் செய்வேன்.

காலையில் பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அங்கே கணக்கப்பிள்ளை மகேந்திரன் என்று பேர் கூப்பிட்டு அவளை ஆண்களோடு தேயிலை வெட்டும் கவ்வாத்து வேலைக்கு அனுப்புவார். பெண்களோடு கொழுந்தெடுக்கப் போகிறேனே என்று அவள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். பெரட்டே சிரித்தது. கங்காணி சிரித்தார், கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள், அவளுடைய அம்மாவும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆனால் மாசி மாதம் வரும். மாசி வந்தால் காமன் கூத்து.

மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிந்து சாம்பலாவான், ரதி அழுது புலம்புவாள், மூன்றாம் நாள் அவன் எழுந்து வருவான். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து இரண்டு வாரம் தோட்டமே விரதத்தில் இருக்கும். ரதி வேஷம் கட்டுவது எப்போதும் ஆண்தான், அதுதான் முறை. எங்கள் தோட்டத்தில் மீசை அரும்ப வேண்டிய வயதிலிருந்து மேகலாதான் ரதி. அவளைப் போல ஒரு ரதி பக்கத்துத் தோட்டங்கள் எதிலும் இல்லை என்று நம் ஆட்கள் பெருமை பேசுவார்கள். அப்படி ஏன் இருக்கிறாள் என்று மட்டும் யோசிக்க மாட்டார்கள்.

ரதியும் மன்மதனும் லயம் லயமாக வரும்போது வாசல் தெளித்துக் காத்திருப்பார்கள். மஞ்சள் தண்ணீரால் ரதியின் காலைக் கழுவுவார்கள். பிள்ளையில்லாத பெண்கள் அந்தக் காலில் தலை வைத்து அழுவார்கள். பெரட்டில் சிரித்த கங்காணி குடும்பத்தோடு நெடுஞ்சாண்கிடையாக விழுவார். ரதி குனிந்து தலையில் திருநீறு வைப்பாள்.

"வருசம் பூரா இந்த ரெண்டு வாரத்துக்குத்தாங்க்கா உசுர வச்சிக்கிட்டு இருக்கேன்" என்பாள் மேகலா.

மூன்று வருஷத்துக்கு முன் இங்கிருந்து அவளுக்கு ஒரு பட்டுச்சேலை அனுப்பினேன். கிளிப்பச்சை, அரக்குக் கரை. பெரிய நகரத்துத் தமிழ்க் கடையில் கடைக்காரர் பத்துச் சேலையை விரித்துப் போட்டு அலுத்துப்போகும்வரை பார்த்து எடுத்தது. ரதி ஒருமுறை கட்டிய சேலை காமனுக்குச் சொந்தம், கூத்து முடிந்ததும் கோயில் பெட்டிக்குள் போய்விடும். அது தெரிந்துதான் அனுப்பினேன். வருஷத்தில் இரண்டு வாரமாவது அவள் உடம்பில் கிடக்கட்டும் என்று.

3

நான் ஏன் வந்தேன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: பஸ்சுக்கு நின்றதற்காக. மலைநாட்டு நகரம் ஒன்றில் சுடிதார் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு நின்றவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளைக்காரன் காலத்து நாடோடிகள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, தெரியுமா? வேலையில்லாமல் சுற்றுகிறாய் என்று யாரையும் பிடிக்கலாம். அது போதாவிட்டால் ஆள்மாறாட்டம். ஆண் பெயரில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு பெண்ணுடை போட்டு ஏமாற்றுகிறாய் என்று. உள்ளே எனக்கு என்ன நடந்தது என்பதை ஒருமுறை தஞ்ச விசாரணையில் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

அந்த விசாரணையையும் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டில் எல்லோர் முன்னாலும் என் துணியை உருவினார்கள் என்று சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் நல்ல மனிதர், பாவம், தேயிலையைக் கோப்பையில் மட்டும் பார்த்தவர். பெரட்டை இராணுவ அணிவகுப்பு என்று சொல்லிவிட்டார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தப் படையில் இருந்தாய் என்று என்னைக் கேட்டார். நான் எந்தப் படையிலும் இல்லை ஐயா, கொழுந்துப் படையில் இருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். லயம் என்றால் என்ன, அதில் ஒரு குடும்பத்துக்கு ஒன்றாகத் தரும் காம்பரா அறை என்றால் என்ன, ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடும்பங்கள் இருக்கும்போது ஒருத்தி எப்படி ஒளிந்து வாழ முடியும் என்றெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் அன்றைய நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த இன்னொரு நாள் வர ஒரு குளிர்காலம் ஆயிற்று.

கடைசியில் வதிவிட அட்டை கிடைத்தது. இங்கே இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. பதிவு அலுவலகத்தில் போய் நான் பெண், என் பெயர் இது என்று சொன்னால் கொஞ்ச நாள் பொறுத்து மாற்றித் தருகிறார்கள். எந்த வைத்தியனும் என்னைக் குப்புறப் போட்டு மல்லாக்கப் போட்டுப் பார்க்க வரவில்லை. அந்த அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஒருவர் தன் நாய்க்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்.

சட்டம் சொல்லிக் கொடுக்காததும் இருக்கிறது. மேல்மாடியில் நம் ஆட்கள், ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். அவர்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் தேங்காய் ரொட்டிக்குக் கீழே ஓடி வருவாள். தமிழும் ஜேர்மனும் கலந்து வாயாடுவாள். ஒருநாள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, அன்ரி நீங்க முந்தி பையனா என்று ஜேர்மனில் கேட்டாள். ஆமாம் மாதிரி, ஆனால் இல்லை என்றேன். அது சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு இன்னொரு ரொட்டி கேட்டாள். குழந்தைக்கு அவ்வளவுதான் விஷயம். அடுத்த வாரத்திலிருந்து அம்மா அவளைக் கீழே அனுப்புவதில்லை. படிக்கட்டில் பார்த்தால் குழந்தை இப்போது 'ஹலோ' என்கிறது, தமிழில் ஒன்றும் பேசுவதில்லை.

4

போன வருஷம் மாசி. கம்பம் ஊன்றிவிட்டார்கள். கூத்தில் ஆடுகிறவர்கள், தப்படிப்பவர்கள், பந்தம் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவர் மச்சம் மாமிசம் தொடக் கூடாது, குடிக்கக் கூடாது, யார் மேலும் கைநீட்டக் கூடாது, காப்பு அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லைப் பாலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது.

சுதாகரைச் சொல்ல வேண்டும். பந்தம் பிடிக்கிறவன், கொஞ்சம் வாட்டசாட்டமான பையன். கொழும்பில் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அவன் வெகு நாளாக மேகலாவின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான். ஆட்கள் முன்னால் ஒம்போது என்று கத்துவான், ஆளில்லாத இடத்தில் கையைப் பிடிப்பான். இரண்டும் ஒரே ஆள் செய்வதுதான் வழக்கம், எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வோம்.

பொழுது சாயும் நேரம். தண்ணீர் வரும் பீலியில் மேகலா குளிக்கப் போயிருந்தாள். சுதாகரும் இன்னும் இரண்டு பேரும் வந்து தேயிலைக்குள் கூப்பிட்டார்கள். அவள் மறுத்தாள். காப்புக் கட்டிக்கிட்டு இப்படிப் பேசுறீங்களே, கோயில் தலைவர்கிட்ட சொல்லிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். விலாவில் அடித்தார்கள், விழுந்தபின் இடது காதோடு சேர்த்து அடித்தார்கள். குடத்தோடு நின்ற பெண்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் வேலை இடைவேளையில் எனக்கு அழைப்பு வந்தது. வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்ததும் சலவைக்கூடத்து இரைச்சல் முழுக்க நின்றுபோன மாதிரி இருந்தது. காதிலிருந்து வழிந்தது காய்ந்து கழுத்தில் கோடாக இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"தோட்டத்து மருந்துக்காரர் பனடோல் குடுத்தாருக்கா."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போடி. அங்கயிருந்தே பொலிசுக்குச் சொல்லுவாங்க. இப்பவே போ."

"காப்புக் கட்டியிருக்கேனே. பாலத்தத் தாண்டக் கூடாதுல்ல."

எனக்கு வந்த கோபத்தில் விரிப்புகள் அடுக்கிய தள்ளுவண்டியை உதைத்தேன். மேற்பார்வைக்காரி திரும்பிப் பார்த்தாள். "அடிச்சவன் மட்டும் காப்புக் கட்டலியா? அவன் காப்பு என்னாச்சு?" என்று கத்தினேன். அவள் சொன்னாள்: "அவன் காப்ப யாரும் கேக்க மாட்டாங்கக்கா. எங் காப்ப எல்லாரும் கேப்பாங்க."

தலைவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். பெயருக்கு ஏற்ற தலைவர், கோயிலுக்கும் அவர்தான், தொழிற்சங்கத்துக்கும் அவர்தான். கூத்து முடியட்டும்ப்பா, முடிஞ்ச பெறகு நானே பேசித் தீத்து வைக்கிறேன், ரதி நடுவுல பாலத்தத் தாண்டிப் போனா அப்பறம் தோட்டத்துல ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒன்னையத்தான் சொல்லுவாங்க என்று. அவர் மிரட்டினாரா, அக்கறையில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. மேகலாவே நம்பினாள். வருஷம் முழுக்க அவளை மனுஷியாக மதிக்காத தோட்டம் அந்த இரண்டு வாரம் மட்டும் அவளைச் சாமியாக மதிக்கிறது. அந்த இரண்டு வாரத்தை அவள் கையால் அவளே எப்படி உடைப்பாள்?

5

விலாவைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் ரதியாக லயம் லயமாகப் போனாள். ஏற்றத்தில் படிக்குப் படி நின்று போனாளாம். ரதி ஒயிலாக நடக்கிறாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம்.

சுதாகரின் வீட்டு வாசலுக்கும் போக வேண்டும். ஒரு வாசலை விட்டுவிட்டுப் போக ரதிக்கு உரிமை இல்லை. அவனுடைய அம்மா மஞ்சள் தண்ணீரால் மேகலாவின் காலைக் கழுவினார். பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். அவனும் விழுந்தான். நெற்றி அவள் பாதத்தில் பட விழுந்தான். அவள் குனிந்து திருநீறு வைக்க வேண்டும். குனிந்தால் விலா குத்துகிறது.

"வச்சேங்க்கா" என்றாள் என்னிடம். "ரதி வைக்காம இருக்க முடியாதுல்ல."

மன்மதன் எரிந்தான், அவள் அழுதாள். அந்த வருஷத்துப் புலம்பலைப் போல எப்போதும் கேட்டதில்லை என்று வாட்ஸ்அப்பில் எனக்கே பலர் எழுதினார்கள். மூன்றாம் நாள் மன்மதன் எழுந்தான். காப்பை அவிழ்த்தார்கள். மறுநாள் காலை அவள் தனியாகப் பாலத்தைத் தாண்டி பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் விலா எலும்பு விரிசல், தானாகப் பொருந்தி வருகிறது என்றார்கள். காது கேட்காது என்றார்கள். எப்போது பட்ட அடி என்று கேட்டு, இவ்வளவு நாள் கழித்து வந்தால் எப்படிப் பட்டது என்று எழுத முடியாது என்றார்கள். பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் அடையாள அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். அன்றைக்கே ஏன் வரவில்லை என்று சிங்களத்தில் கேட்டான். கூத்து என்றாள் அவள், தனக்குத் தெரிந்த சிங்களத்தில். அடிபட்டவன் ஆட்டம் ஆடினானா என்று கேட்டான் அவன். சாட்சி யார் என்றான். பீலிக்கரையில் நின்ற பெண்கள் யாரும் வரவில்லை. அவளுடைய அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, கூத்துல விழுந்துட்டான் ஐயா என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவை நான் திட்டப்போவதில்லை. அதே லயத்தில் அதே பீலியில் அவர் நாளைக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

பிறகு தலைவரை வரவழைத்தார்கள். வாக்குக் கொடுத்தபடி பேசித் தீர்க்கத்தான் வந்தார்.

"தோட்டமே பாக்க அவன் ஒங் கால்ல விழுந்துட்டானேப்பா" என்றார் அவளிடம். "மன்னிப்பு அதுக்கு மேல எப்படிக் கேப்பான்? நீயும் துன்னூறு வச்சியே."

"அவன் விழுந்தது ரதி கால்லங்க தலைவரே" என்றாள் மேகலா. "எங் கால்லன்னா இப்ப இங்க விழச் சொல்லுங்க."

சார்ஜன் என்ன பேச்சு என்று கேட்டான். தலைவர் சிங்களத்தில் சொன்னார்: பையன் ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டான், இவனும் ஆசீர்வாதம் பண்ணிவிட்டான், விஷயம் முடிந்துவிட்டது. சார்ஜன் திறந்திருந்த பேனாவை மூடிவிட்டான். மேகலா நகராமல் நின்றாள். அப்போது அவன் அவள் போட்டிருந்த பாவாடை சட்டையைக் காட்டி, இப்படியே நின்றால் ஆள்மாறாட்டத்துக்கு உன்னை உள்ளே போட வேண்டி வரும் என்றான். ரதி கட்டினால் சாமி, மேகலா கட்டினால் குற்றம். இதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, பாருங்கள்.

6

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பொலிசுக்குப் போனதால் அவள் தோட்டத்தைக் காட்டிக் கொடுத்தவள் ஆனாள். பெரட்டில் பேர் கூப்பிடவில்லை. காம்பராக் கூரையில் கல் விழுந்தது. காம்பரா அம்மாவின் பேரில் இருப்பது, அம்மாவுக்கு வேலை போனால் காம்பராவும் போய்விடும். கொஞ்ச நாளைக்கு எங்கயாச்சும் போய் இரு சாமி என்று அம்மாவே பையைக் கட்டிக் கொடுத்தார். இப்போது கொழும்புக்குப் பக்கத்தில், எங்களைப் போன்ற நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருக்கிறாள். ஒரு காதோடு எந்தக் கடையிலும் அவளை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாளாம்.

ஒரு வக்கீல் அம்மா இலவசமாக முன்வந்தார். நான்தான் பேசினேன். நல்லவர், நேரம் ஒதுக்கிக் கேட்டார். முறைப்பாட்டு இலக்கம் என்ன என்றார். இல்லை என்றேன். வைத்திய அறிக்கை? அடியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்றேன். சாட்சி? அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடையாள அட்டையை மாற்றிக்கொண்டால் அடுத்த முறையாவது ஆள்மாறாட்டம் என்று மிரட்ட முடியாது, அதற்கு மனநல வைத்தியரிடம் போய்ப் பாலினச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று வழி சொன்னார். அடுத்த முறை என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அது வரும் என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை.

சட்டம் வந்தால் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று நம்பும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இங்கே சட்டம் இருந்தும்தான் என் முகத்தில் துப்பினான். போன வாரம் அரசாங்கத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாததால் விசாரணையை நிறுத்துகிறார்களாம். அழகான கடிதம், என் பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு நடந்தது நடந்தது என்று ஓர் அரசாங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது. மேகலாவுக்கு நடந்ததை ஒத்துக்கொள்ள ஒரு நாதியும் இல்லை. எங்களை அடித்தால் அது அடி என்று எழுதியாக வேண்டும், எழுத மறுத்தால் மறுத்தவனைக் கேட்க வேண்டும், எங்கள் உடுப்பைக் காட்டி எங்களையே மிரட்டும் பழைய சட்டங்களைக் குப்பையில் போட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதை எத்தனையோ பேர் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். நானும் களைத்துத்தான் கேட்கிறேன்.

7

இந்த வருஷமும் மாசி வந்தது. இங்கே பனி இன்னும் விடவில்லை. வேலைக்குப் போகும் பஸ்சில் பேஸ்புக்கைத் திறந்தேன். தோட்டத்துப் பையன் ஒருவன் காமன் கூத்தை நேரலையில் போட்டிருந்தான்.

தப்புச் சத்தம், மூன்றாவது லயத்து ஏற்றம், ரதி வருகிறாள். முதலில் சேலைதான் கண்ணில் பட்டது. கிளிப்பச்சை, அரக்குக் கரை. பிறகு முகத்தைப் பார்த்தேன். அரிதாரத்துக்கு அடியில் சுதாகர்.

உடனே ஊரில் ஒரு சொந்தக்காரிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். போன வருஷம் நடந்ததுக்கு அவன்தான் நேர்ந்துகிட்டான், ரதி கட்டிப் பாவத்தைத் தீத்துக்கிறேன்னு, தலைவருக்கு ரொம்ப சந்தோசம் என்று பதில் வந்தது. பாவம் என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியானால் அவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். பொலிசில் இல்லாத பாவம் காமன் பொட்டலில் இருக்கிறது. அதைத் தீர்க்க அவனுக்கு ஒரு சேலை போதும்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. கங்காணி விழுந்தார். கூடைக்காரப் பெண்கள் விழுந்தார்கள். ரதி அடுத்த வாசலுக்கு வந்தாள். அது மேகலாவின் வீட்டு வாசல். அவளுடைய அம்மா செம்போடு நின்றார். மஞ்சள் தண்ணீரை ஊற்றி அவன் காலைக் கழுவினார். முட்டி வலிக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் குனிந்து, அவன் காலில் தலை வைத்தார். அவன் திருநீறு வைத்தான்.

நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. மேகலா இதைப் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்தேன். சலவைக்கூடத்து வாசலில் நிற்கும்போது அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பார்த்துவிட்டாள்.

"பாத்தேங்க்கா. சீல இன்னும் அப்படியே பளபளன்னு இருக்கு, கோயில்ல நல்லாத்தான் வச்சிருக்காங்க. ஆனா அவனுக்குக் கட்டத் தெரியல. கொசுவத்த அவ்வளவு எறக்கமா விட்டா மூணாவது லயத்துப் படியில தடுக்கும், எனக்கும் மொத வருசம் அப்படித்தான் தடுக்குச்சி. ரதி கீழ விழுந்தா நல்லதில்ல. அங்க யாருக்காச்சும் சொல்லி, கொஞ்சம் தூக்கிச் சொருகச் சொல்லுங்கக்கா. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்."

மறுபடி போட்டுக் கேட்டேன். தன் அம்மா அவன் காலில் விழுந்ததைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.